இரண்டேகால் லட்சம் ரூபாய் ஃபிரிட்ஜும் திரிந்த பாலும்

கோவைப் புறநகரிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

போன வருடம் தை மாதம் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்கு முந்தைய வாரம், கணவர் பெயரில் பில் போட்டு, 650 லிட்டர் நான்கு கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை ரூ.2,28,000க்கு வாங்கினார்கள். "பத்து வருஷ வாரன்டி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கங்க" என்றாராம் விற்பனையாளர். கூடவே ரூ.13,500க்கு இரண்டு வருட நீட்டிப்பு வாரன்டியும் தலையில் கட்டினார்கள். மாடுலர் கிச்சன் செய்த ஆசாரி, அழகாக இருக்கும் என்று ஃபிரிட்ஜின் இரு பக்கமும் மேலேயும் பிளைவுட்டால் அடைத்துக் கொடுத்தார்.

ஐந்தாம் மாதம் பால் திரிந்தது. டெக்னீஷியன் வந்து கேஸ் ஏற்றினார். ஒன்பதாம் மாதம் திரும்பவும் குளிர் இல்லை, உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் போர்டை மாற்றினார்கள். பதினோராம் மாதம் மறுபடி கேஸ். பதினான்காம் மாதத்திலிருந்து மேல் பகுதி குளிர்வதே இல்லை. இப்போது பதினேழாம் மாதம். கடைசியாக வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்க, வாரன்டி செல்லாது. கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து 9,600 ரூபாய் ஆகும்" என்று சொல்லிப் போய்விட்டார். கடையில் கேட்டால் கம்பெனியைக் கை காட்டுகிறார்கள். நீட்டிப்பு வாரன்டிக்காரர்களின் எண்ணில் இசை மட்டும் கேட்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு வேறு வாங்கலாம் என்கிறார் கணவர். 25 லட்சம் கேட்டு வழக்குப் போடலாம் என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனார், அங்கிருந்தே நல்லதாக ஒன்று அனுப்பி வைப்பதாகச் சொல்கிறார். வாசகிக்குத் தனியாக ஒரு பயம்: சனி ஞாயிறுகளில் தெரிந்தவர்களுக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறார், மாதம் இருபது கேக் வரை. "வழக்கென்று போனால், வியாபாரத்துக்கு ஃபிரிட்ஜ் வாங்கியதாக என்னையே குற்றவாளி ஆக்கிவிடுவார்களா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கடைசிக் கேள்வி. உங்களை யாரும் குற்றவாளி ஆக்க முடியாது. இது குற்ற வழக்கே இல்லை. மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன். சில இடங்களில் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் தரப்பு பலமாகவும் இருக்கிறது, ஓரிடத்தில் ஓட்டையாகவும் இருக்கிறது. அந்த ஓட்டையை எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாம் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

ஓட்டை அந்தப் பிளைவுட் பெட்டிதான்.

தனியாக நிறுத்தி வைக்கும் வகை ஃபிரிட்ஜ் வேறு, அலமாரிக்குள் பொருத்தவென்றே செய்யப்பட்ட வகை வேறு. இரண்டாவது வகை உள்ளிருக்கும் சூட்டை அடிப்பக்கத்து முன் கிரில் வழியாக வெளியே தள்ளும். அதனால் மூன்று பக்கம் அடைத்தாலும் அதற்கு மூச்சு முட்டாது. உங்களுடையது முதல் வகை. இப்போது வரும் இத்தகைய ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய்களை பக்கத் தகட்டுக்குள்ளேயே மறைத்துவிடுகிறார்கள். பழைய ஃபிரிட்ஜ்களின் முதுகில் கறுப்பாக ஒரு கம்பி வலை இருக்குமே, அது செய்த வேலையை இப்போது பக்கச் சுவர்கள் செய்கின்றன. பக்கவாட்டில் கை வைத்தால் சுடுவது அதனால்தான். அந்தச் சுவரை ஒட்டிப் பலகை அடித்தால் சூடு அங்கேயே தங்கும், கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கரன்ட் பில் ஏறும். ஃபிரிட்ஜின் உட்புற ஸ்டிக்கரில் 'எஸ்டி' அல்லது 'டி' என்று எழுத்து போட்டிருக்கும். முதலாவது, சுற்றுப்புறம் 38 டிகிரி வரை இருந்தால் வேலை செய்யும் என்று பொருள். இரண்டாவது 43 டிகிரி வரை. கோடையில் உங்கள் பெட்டிக்குள் இருக்கும் சூடு அதையும் தாண்டியிருக்கலாம்.

ஆகவே கம்பெனிக்காரர் சொன்னது முழுக்க வெற்றுச் சாக்கு என்று நினைக்க வேண்டாம். அதே சமயம், அவர் சொன்னதாலேயே கதை முடிந்துவிடவும் இல்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, கேஸ். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ் அடுப்பு சிலிண்டர் கேஸ் மாதிரி எரிந்து தீர்ந்து போவதில்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. ஆயுள் முழுக்க அதே கேஸ்தான். அது குறைகிறதென்றால் எங்கேயோ கசிகிறது. ஐந்தாம் மாதம் ஒருமுறை, பதினோராம் மாதம் ஒருமுறை ஏற்றினார்கள் என்றால், முதல் தடவையே கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பஞ்சர் ஒட்டாமல் காற்று மட்டும் அடித்த கதை. பிளைவுட் பெட்டி கம்ப்ரஸரைச் சூடாக்கும், சரி. குழாயில் ஓட்டை போட்டது பெட்டிதான் என்று நிரூபிப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்காது. சட்டத்தின் மொழியில் இது 'சேவைக் குறைபாடு'. உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான சீட்டு இது. கடிதத்தில் நீங்கள் இதை ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்.

இரண்டு, ஃபிரிட்ஜை நிறுவிய நாள். கம்பெனி ஆள்தான் வந்து நிறுவினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்தப் பெட்டி இருந்ததா? இருந்தும் ஒன்றும் சொல்லாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிப் போனாரா? அதன் பிறகு மூன்று டெக்னீஷியன்கள் வந்தார்களே, யாராவது பெட்டியைப் பற்றி ஜாப் கார்டில், அதாவது செய்த வேலையை எழுதித் தரும் சீட்டில், குறித்தார்களா? முதல் வருடம் முழுக்கப் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டு, காசு கேட்கும் நாளில் மட்டும் பெட்டி கண்ணில் பட்டதென்றால், இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதைக் கவனிக்கும். பெட்டி பிறகுதான் வந்தது என்றால் உங்கள் நிலை கொஞ்சம் இறங்கும். எப்படி இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை

நோட்டீஸ், வழக்கு எல்லாம் அப்புறம். முதலில் டேப்பை வைத்து, பெட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று தெரியும்படி நான்கைந்து போட்டோ, ஒரு வீடியோ எடுங்கள். கையேட்டில் எவ்வளவு இடைவெளி கேட்டிருக்கிறார்கள் என்ற பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பிறகு கம்பெனிக்கு மின்னஞ்சல்: 'இன்ன தேதியில் அடைப்பிலிருந்து வெளியே எடுத்து இயக்கிப் பார்க்கப் போகிறோம், உங்கள் ஆள் வந்து பார்க்கலாம்' என்று. வருகிறார்களோ இல்லையோ, நீங்கள் ஒளிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

அன்று ஃபிரிட்ஜை வெளியே இழுத்து, சுற்றிலும் காற்றுப் போக இடம் விட்டு, இரண்டு நாள் ஓட விடுங்கள். முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அதை வைத்து, காலை மாலை இரு வேளையும் குறித்து வையுங்கள். பால், காய்கறி வைக்கும் பகுதி 5 டிகிரிக்குள், ஃபிரீசர் மைனஸ் 18 பக்கத்தில் இருக்க வேண்டும். முகப்பில் ஒளிரும் எண்ணை நம்ப வேண்டாம். பல மாடல்களில் அது நீங்கள் கேட்ட குளிரைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் குளிரை அல்ல.

வெளியே எடுத்ததும் நன்றாகக் குளிர்ந்துவிட்டால், சகோதரி, பெட்டிதான் உங்கள் எதிரி. ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு வழக்கை மறந்துவிடுங்கள். குளிரவில்லை என்றால், மேலே படியுங்கள்.

இன்னொன்று. உங்கள் கணவர் தெருக்கோடி மெக்கானிக்கை அழைத்து வரப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். வெளி ஆள் கை வைத்த உடனே 'நாங்கள் பொறுப்பல்ல' என்று சொல்ல கம்பெனிக்கு ஒரு வாசல் திறந்துவிடும். தவிர, இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன். அளவு நூறு கிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் தீப்பற்றக்கூடியது. அதை முறையாகப் பழகாத ஒருவர் சமையலறையில் பற்றவைப்புச் சுடரோடு உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எக்ஸ்சேஞ்ச் யோசனைக்கும் அதே பதில்தான். ஃபிரிட்ஜ்தான் சாட்சி. அதைப் பத்துப் பதினைந்தாயிரத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதில் குறை இருந்தது என்று யாரிடம் போய் நிரூபிப்பீர்கள்?

பத்து வருஷ வாரன்டி என்பது எது?

உங்களை மட்டுமல்ல, படித்தவர்கள் பாதிப் பேரை ஏமாற்றும் இடம் இது. கதவில் ஒட்டியிருக்கும் '10 வருடம்' கம்ப்ரஸர் என்ற ஒரு பாகத்துக்கு மட்டும். முழு ஃபிரிட்ஜுக்கு வழக்கமாக ஒரே வருடம். அந்தக் கம்ப்ரஸருக்கும் பொதுவாகப் பாகம் மட்டும் இலவசம். கேஸ், கூலி, வண்டி வாடகை நம்முடையது. உங்கள் ஃபிரிட்ஜில் கோளாறு குழாயிலோ போர்டிலோ என்றால் அந்தப் பத்து வருடம் பேச்சுக்கே வராது. பெரிய எழுத்தில் ஒன்று சொல்லிவிட்டுச் சின்ன எழுத்தில் அதற்கு எதிராக இன்னொன்று சொல்லக் கூடாது என்று 2022ஆம் ஆண்டின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் விற்பனையாளர் வாயால் சொன்னதை வைத்து அவ்வளவு தூரம் போக முடியுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. கடையில் கொடுத்த துண்டறிக்கை ஏதாவது பத்திரமாக இருந்தால் எடுத்து வையுங்கள்.

'ஒரு வருடம் முடிந்துவிட்டது, அதனால் ஒன்றும் கேட்க முடியாது' என்று நீங்களாகவே முடிவு கட்டியிருப்பது மட்டும் சரியில்லை. ஐந்து, ஒன்பது, பதினொன்று என மூன்று முறையும் புகார் வாரன்டிக்குள் கொடுத்தது. அப்போது சரிசெய்யப்படாத அதே குறை பதினான்காம் மாதம் தலைகாட்டியது என்றால் அது புதுக் குறை அல்ல, பழைய பாக்கி. இதை ஜாப் கார்டுகள்தான் பேச வேண்டும். உங்களிடம் இரண்டு கார்டுதான் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதன் நகலைக் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். புகார் எண் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்திருக்கும்.

நீட்டிப்பு வாரன்டியை யார் தந்தார்கள் என்று பில்லைத் திருப்பிப் பாருங்கள். பல சமயம் அது ஃபிரிட்ஜ் கம்பெனியே அல்ல, மூன்றாவது ஒரு நிறுவனம். கடைக்காரர் தன் கல்லாவில் பணத்தை வாங்கியிருப்பார், பொறுப்பு மட்டும் வேறு இடத்தில் இருக்கும். அந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. விதிகளில் தேய்மானக் கழிவு என்று ஒன்று இருக்கும். வருடத்துக்கு இவ்வளவு சதவீதம் கழித்துத்தான் பணம் தருவார்கள். அதையும் படித்துவிடுங்கள்.

புது ஃபிரிட்ஜ் கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் அது முதல் படி அல்ல. வாரன்டி என்றால் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான், பொருளையே மாற்றுவது அல்ல என்று 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஃபிரிட்ஜ் கம்பெனிகளும் அதைத்தான் எடுத்துக் காட்டும். பொருள் மாற்றமோ முழுப் பணமோ வேண்டுமென்றால், தயாரிப்பிலேயே குறை, பலமுறை முயன்றும் தீராத குறை என்று காட்ட வேண்டும். காட்டும் பொறுப்பு நம்முடையது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 38ஆம் பிரிவில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: சோதனை தேவைப்படும் குறை என்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்தின் சோதனைக்கு அனுப்பும்படி ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். 650 லிட்டர் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போக முடியாது என்பதால், நிபுணர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்து அறிக்கை தரும்படி மனுப் போடுவது நடைமுறைக்கு ஏற்றது.

39ஆம் பிரிவின்படி ஆணையம் குறையை நீக்கச் சொல்லலாம், மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பச் சொல்லலாம், நஷ்டஈடும் தரச் சொல்லலாம். நானாக இருந்தால் மூன்றையும் மாற்றுக் கோரிக்கைகளாக வரிசைப்படுத்திக் கேட்பேன்: கசிவைக் கண்டுபிடித்து இலவசமாக நிரந்தரமாகச் சரிசெய்து, சரிசெய்த நாளிலிருந்து வாரன்டியை நீட்டித் தர வேண்டும், முடியாவிட்டால் மாற்று, அதுவும் முடியாவிட்டால் பணம். எடுத்த எடுப்பிலேயே 'பணத்தைக் கொடு' என்று நிற்பவரைவிட இப்படிக் கேட்பவரை ஆணையம் நியாயமானவராகப் பார்க்கும். இது என் அனுபவம், சட்ட விதி அல்ல.

மகனிடம் சொல்லுங்கள்: 25 லட்சம் கேட்பதால் வழக்கு பெரிதாகிவிடாது. பழைய சட்டத்தில் பொருளின் விலையோடு கேட்கும் நஷ்டஈட்டையும் கூட்டித்தான் எந்த ஆணையம் என்று முடிவு செய்தார்கள். இப்போது நீங்கள் கொடுத்த விலையை மட்டும்தான் பார்ப்பார்கள். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. திரிந்த பாலுக்கும் கெட்டுப்போன மாவுக்கும் அலைச்சலுக்கும் நஷ்டஈடு கேளுங்கள், கணக்கோடு கேளுங்கள். கேக்குக்காக வாங்கிய கிரீம் கெட்டது என்றால் அந்தக் கடைப் பில்லை இணைக்கலாம்.

கம்பெனி தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டுமா என்று பயந்திருக்கிறீர்கள். வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்குக் கோவை மாவட்ட ஆணையம். வாரன்டி அட்டையில் 'வழக்குகள் இன்ன நகருக்கு மட்டும் உட்பட்டவை' என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கடை, தயாரிப்பாளர், நீட்டிப்பு வாரன்டி நிறுவனம் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். பணத்தை வாங்கி பில் போட்டவர் கடைக்காரர். கம்பெனியைக் கை காட்டிவிட்டு அவர் மட்டும் கழன்றுகொள்ள முடியாது.

காலக்கெடு இரண்டு வருடம். முதல் கோளாறு ஐந்தாம் மாதம் என்று வைத்துக் கண்டிப்பாகக் கணக்கிட்டாலும் உங்களுக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கிறது. ஒவ்வொரு ரிப்பேருக்கும் புதிதாக இரண்டு வருடம் தொடங்கும் என்று நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

நடைமுறை இப்படி: முதலில் மூவருக்கும் மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீர்ப்பு எழுத மாட்டார்கள், ஆனால் கம்பெனியின் மேலிடத்துக்கு உங்கள் புகாரைக் கொண்டு சேர்ப்பார்கள். விலை உயர்ந்த பொருள்களில் பாதிச் சண்டை இங்கேயே முடிவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் பலிக்கவில்லை என்றால் 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ், பிறகு நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் புகார். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நீங்களே ஆஜராகலாம். வாட்ஸ்அப் உரையாடல்களை இணைத்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். புகாரை மூன்று மாதத்தில், சோதனை தேவையென்றால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் வருடம் ஒன்றைத் தாண்டுவது சாதாரணம். அதுவரை ஃபிரிட்ஜ் இல்லாமல் இருக்க முடியாது என்பதையும் மனதில் வைத்து, சமரசத்துக்கு அழைத்தால் முகத்தைத் திருப்பாமல் போய் உட்காருங்கள்.

கேக் விஷயம்

சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. உண்மை. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்தத் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் விளக்கமும் சொல்கிறது. உங்களுக்கு அந்த விளக்கம்கூடப் பெரிதாகத் தேவைப்படாது. புது வீட்டுக்கு, குடும்பத்துக்காக, கணவர் வாங்கினார். தினம் அதில் இருப்பது பாலும் மாவும் காய்கறியும். முதன்மையான நோக்கம் எது என்றுதான் பார்ப்பார்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால், நீங்கள் இருவரும் சேர்ந்தே புகார்தாரர் ஆகலாம்.

தயவுசெய்து கேக்கை மறைக்காதீர்கள். நீங்கள் போட்டோ போட்டு வைத்திருக்கும் அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் எதிர்த்தரப்புக் கண்ணில் பட அரை நிமிடம் போதும். 'வார இறுதியில் சிலருக்குச் செய்து தருகிறேன்' என்று நீங்களே ஒரு வரி எழுதிவிட்டால் அதில் ஒன்றுமில்லை. பிரமாணப் பத்திரத்தில் இல்லை என்று சொல்லி, அவர்கள் படத்தை எடுத்து நீட்டினால், மற்ற எல்லாவற்றிலும் உங்கள் வார்த்தை போய்விடும். வாரன்டி அட்டையில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்து ஒரு வாதம் வரும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஃபிரிட்ஜ்

இது வக்கீல் வேலை இல்லை. ஆனாலும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் ஃபிரிட்ஜ் வழக்குக் கட்டுகளைப் படித்ததில் எனக்கும் சில அபிப்பிராயங்கள் சேர்ந்துவிட்டன.

அமெரிக்க ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். அங்கே மின்சாரம் சுமார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டி பெரும்பாலும் செல்லாது, பாகமும் கிடைக்காது. கோளாறு வந்தால் எனக்கு நீங்கள் எழுதினாலும் நான் யார் மேல் நோட்டீஸ் அனுப்புவது? கொழுந்தனார் மேலா?

குழாயோடு இணைக்கும் ஐஸ் மேக்கர் மேல் ஆசை இருந்தால் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் மொட்டைமாடித் தொட்டி சமையலறைக்கு மேலே மூன்று நான்கு மீட்டர்தான் இருக்கும். பல மாடல்களுக்கு அது போதாது, தனி பம்ப் வைக்க வேண்டும். போர் தண்ணீர் என்றால் உப்பு படிந்து அது வேறு தொல்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு 650 லிட்டர் எதற்கு என்று நான் கேட்கக் கூடாது. கேக் இருப்பதால் இடம் வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரே பெரிய ஃபிரிட்ஜுக்குப் பதில், வீட்டுக்கு 300 லிட்டரில் ஒன்று, கேக்குக்குத் தனியாக ஒன்று என்று இரண்டு சாதாரண ஃபிரிட்ஜ் வைத்திருந்தால், விலை பாதிகூட ஆகியிருக்காது. ஒன்று படுத்தாலும் இன்னொன்று ஓடும். கிரீமில் இட்லி மாவு வாசமும் மல்லிகைப்பூ வாசமும் ஏறுவதும் நின்றிருக்கும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கரன்ட் பில் மட்டும் கவனம்: இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப் படியில் கிடைத்த சலுகையிலும் கை வைத்துவிடுவார்கள். ஸ்டிக்கரில் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணைப் படியுங்கள்.

என் அம்மா வீட்டில் 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று இருபத்திரண்டு வருடம் ஓடியது. ஐஸைக் கத்தியால் குத்திக் குத்தி அம்மாவே கடைசியில் அதன் குழாயில் ஓட்டை போட்டார். கேஸ் கசிவு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு யார் மேலும் வழக்குப் போட முடியவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரம் போட்டோ, மின்னஞ்சல், இரண்டு நாள் வெப்பக் குறிப்பு. அந்தக் குறிப்பையும் நிறுவிய நாளில் தந்த ரிப்போர்ட்டின் இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்பி வையுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது. விதிகளைப் பின்பக்கத்தில்தான் அச்சடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நோட்டீஸ் எழுதலாமா, ஆசாரியைக் கூப்பிடலாமா என்று சொல்கிறேன்.